ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்: எல்லைப் பகுதியில் மாற்றுத்திறன் மாணவருக்குத் துணை நிற்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் பீருமேடு தாலுகாவில் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளிலும், மலைக்குக் கீழே தமிழ்நாட்டின் கம்பம், கூடலூர் பக்கத்துப் பள்ளிகளிலும் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். பெற்றோரும் புதிதாக வரும் ஆசிரியர்களும் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான், வரிசை. இந்தத் தாள் இருந்தால்தான் அந்தத் தாள் கிடைக்கும், அந்தத் தாள் இருந்தால்தான் தேர்வில் சலுகை கிடைக்கும் என்று எல்லாமே ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடத் தொடங்கினால் எதுவும் கைக்கு வராது. ஒன்பதாம் வகுப்பு ஜூனில் தொடங்கினால் எல்லாம் நிதானமாக முடியும்.

1. எதையும் தொடங்கும் முன் பெயரைச் சரிபாருங்கள்

பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ரேஷன் கார்டு ஆகிய நான்கையும் ஒரே மேசையில் பரப்பி வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

நம் பகுதியில் இது மற்ற இடங்களைவிட மோசமாக இருக்கும். தமிழ்நாட்டுத் தாளில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். கேரளத் தாளில் அதே எழுத்து பின்னால் நிற்கும். ‘மொழி’ என்று முடியும் பெண் பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு தாளில் ‘எல்’ போட்டிருப்பார்கள், இன்னொன்றில் ‘இசட் எச்’ போட்டிருப்பார்கள். கணினிக்கு இவை இரண்டு வேறு ஆட்கள்.

திருத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு. பிறப்புச் சான்று சரியாக இருந்தால் அதை மூலமாக வைத்துப் பள்ளிப் பதிவேட்டையும் ஆதாரையும் அதற்கு ஒத்து மாற்றுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு அதில் ஓர் எழுத்தை மாற்றுவது பெரிய அலைச்சல். தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்பு என்றால் பள்ளி அளவிலேயே பேசித் தீர்க்க வழி இருக்கிறது.

2. பதினைந்து வயதில் ஆதார்

ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையையும் கருவிழியையும் மறுபடி பதிய வேண்டும் என்பது ஆதார் விதி. பதினைந்து என்பது சரியாக ஒன்பது, பத்தாம் வகுப்பில் வந்து விழுகிறது. இதை விட்டுவிட்டால் பின்னால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது சரிபார்ப்பில் சிக்கும். எதனால் சிக்குகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு விரலை நீட்டி அழுத்த முடியாது. “ரேகை விழலை, அப்புறம் வாங்க” என்று திருப்பி அனுப்புவார்கள். ரேகையோ கருவிழியோ பதிய முடியாதவர்களுக்கு விதிவிலக்காகப் பதியும் வழி ஆதாரிலேயே இருக்கிறது. அதைக் கேளுங்கள், கேட்டு நில்லுங்கள். அதே நாளில் அப்பா அல்லது அம்மாவின் கைபேசி எண்ணையும் இணைத்துவிடுங்கள். எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் சிம்மை அடிக்கடி மாற்றுகிறார்கள். பழைய எண்ணுக்குப் போகும் ஓ.டி.பி. யாருக்கும் உதவாது.

3. தனித்துவ அடையாள அட்டை

எல்லோரும் யு.டி.ஐ.டி. என்று சொல்லும் மாற்றுத்திறனாளி அட்டை இதுதான். இதற்கும் குறைபாட்டுச் சான்றுக்கும் சேர்த்து மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கேரளப் பக்கம் அக்ஷயாவிலும் தமிழ்நாட்டுப் பக்கம் இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். படம், கையெழுத்து அல்லது கைநாட்டு, ஆதார், முகவரிச் சான்று, இருந்தால் பழைய மருத்துவச் சீட்டுகள் ஆகியவை வேண்டும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. காது, கண், கை, கால் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, ஹீமோபிலியா, தலசீமியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது கோடு.

எல்லையில் இருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, எந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது என்பது. முகவரிச் சான்றில் இருக்கும் மாவட்டத்தில் விண்ணப்பிப்பதுதான் வழக்கம். சிகிச்சை பெற்றுவரும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்க 2017-ஆம் ஆண்டு விதிகள் இடம் கொடுத்தன. குமுளியில் வசிக்கும் பிள்ளை சிறு வயதிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டி வந்திருந்தால், அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு அங்கேயும் கேட்டுப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் சான்று நாடு முழுக்கச் செல்லும். சட்டத்தின் 58-ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. “இது தமிழ்நாட்டுச் சர்டிபிகேட், இங்க செல்லாது” என்று ஓர் அலுவலர் சொன்னால், அந்தப் பிரிவு எண்ணை எழுதிக் கையில் கொடுங்கள். வாதாடுவதைவிட அது வேகமாக வேலை செய்கிறது.

சான்று வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, ‘நிரந்தரம்’ என்று இருக்கிறதா ‘தற்காலிகம்’ என்று இருக்கிறதா என்பது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகமாகத்தான் கொடுப்பார்கள், மறுபரிசோதனைக்கு ஒரு தேதியும் இருக்கும். அந்தத் தேதி பொதுத்தேர்வுக்கு முன்னால் விழுந்தால் இப்போதே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

4. மருத்துவக் குழு முன்னால் நிற்கும் நாள்

குறைபாடு எத்தனை சதவீதம் என்று மருத்துவமனையில் டாக்டர்கள் குழு பார்த்து முடிவு செய்யும் இந்த நாளைத்தான் பெற்றோர் அதிகம் தவற விடுகிறார்கள், அதுவும் பாசத்தால். ஒரு பையனின் குழு நாளில் டாக்டர் கேட்டார்: “தானா சாப்பிடுவானா?” அம்மா உடனே, “சாப்பிடுவான் சார், எல்லாம் நல்லா பண்ணுவான்.” பிள்ளையைக் குறைத்துச் சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்? உண்மை என்னவென்றால், தட்டில் போட்டு, பிசைந்து, இடது கைப்பக்கம் தள்ளி வைத்தால் முக்கால் மணி நேரத்தில் சாப்பிட்டு முடிப்பான். சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டு விடுவார். எஸ்டேட் லய வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரும் படிக்கட்டில் தங்கை கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவான். இவை எதுவும் டாக்டரின் காதுக்குப் போகவில்லை. சதவீதம் கோட்டுக்குக் கீழே வந்தது. மேல்முறையீடு செய்து மறுபடி பார்க்க வைப்பதற்குள் ஒரு கல்வியாண்டே போய்விட்டது. முன்கூட்டியே அந்தத் தாயிடம் பேசாமல் விட்டது என் தவறு.

அன்றிலிருந்து நான் ஒரு காரியம் செய்கிறேன். குழு நாளுக்கு முந்தின வாரம் பெற்றோரோடு உட்கார்ந்து, காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை அந்தப் பிள்ளைக்கு எதில் யாருடைய கை தேவைப்படுகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரே தாளில் எழுதிவிடுவோம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கேட்கும்போது அதைப் பார்த்துச் சொன்னால் போதும்.

காலையில் முதல் ஜீப்பில் மலை இறங்கி வரும் பிள்ளை பசியோடும் வாந்தியோடும் குழு முன்னால் நிற்கக்கூடாது. முடிந்தால் முந்தின நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். அறிவுத்திறன் சோதனை இருந்தால் பிள்ளைக்குப் பழக்கமான மொழியில் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். மலையாளத்தில் கேட்ட கேள்வி புரியாமல் பேசாமல் நின்ற பிள்ளையை, விடை தெரியாத பிள்ளை என்று எழுதிவிடக் கூடாது.

5. ஜூன் மாதத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு பக்கம்

உயர்நிலை வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். ஒவ்வொருவரிடமும் அம்மா தனித்தனியாக விளக்கிக்கொண்டிருக்க முடியாது. நோயின் பெயரை எழுதாமல், வகுப்பில் என்ன செய்தால் நடக்கும் என்று மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே கொடுங்கள்.

காது கேளாத ஒரு மாணவிக்கு நாங்கள் எழுதியது இப்படி இருந்தது: “வலது காதில் மிஷின் இருக்கிறது. இடது ஓரத்தில், இரண்டாம் வரிசையில் உட்கார வையுங்கள். அப்போது வலது காது வகுப்பின் பக்கம் இருக்கும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். உதடு தெரிந்தால் பாதி புரிந்துகொள்வாள். ‘புரிஞ்சுதா’ என்று கேட்டால் புரியாவிட்டாலும் தலையாட்டுவாள். ‘என்ன சொன்னேன், சொல்லு’ என்று கேளுங்கள்.” இவ்வளவுதான். கணக்கு ஆசிரியர் அதை வருகைப் பதிவேட்டுக்குள் ஒட்டி வைத்துக்கொண்டார்.

இங்கே ஜூனில் தொடங்கும் மழை, மிஷினுக்கு எமன். பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் ஈரம் ஏறி, இரண்டாவது பீரியடில் சத்தம் நின்றுவிடும். பிள்ளை கவனிக்கவில்லை என்று திட்டு வாங்கும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, இரவில் மிஷினை அதற்குள் வையுங்கள். காதுக்குள் வைக்கும் அச்சு பிள்ளை வளர வளரச் சின்னதாகிப் போகும். கீச்சென்று சத்தம் வந்தால் அச்சை மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று காட்டுங்கள்.

பார்வையற்ற மாணவருக்குக் கணினியில் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது, தமிழும் வாசிக்கும். ஆனால் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்த் தாளைக் கொடுத்தால் அது உளறும். பாடக் குறிப்பை யூனிகோடில் கேட்டு வாங்குங்கள்.

பள்ளி தரப்பில், “எங்ககிட்ட வசதி இல்ல, சிறப்புப் பள்ளியில சேருங்க” என்று சொல்பவர்கள் இன்னும் உண்டு. வரையறுத்த அளவு, அதாவது 40 சதவீதமோ அதற்கு மேலோ, குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்று 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. தேர்வு பிள்ளையுடையது, பள்ளியுடையது அல்ல. முதலில் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். அடுத்து, கேரளத்தில் பி.ஆர்.சி., தமிழ்நாட்டில் வட்டார வள மையம். அங்கும் நடக்கவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்கள். எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

6. சலுகையை வகுப்புத் தேர்வில் போட்டுப் பாருங்கள்

சலுகைப் பட்டியலைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடும் ஆசை வரும். வேண்டாம். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், பெரிய எழுத்து வினாத்தாள், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றில் எது இந்தப் பிள்ளைக்கு உதவுகிறது என்பதை ஒன்பதாம் வகுப்புத் தேர்வுகளிலேயே பாருங்கள். கை மெதுவாக எழுதினாலும் சொந்தமாக எழுதி முடிக்கும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் மட்டும் போதும். எழுதுபவரை வைத்தால் அந்தப் பிள்ளை தன் யோசனையை இழந்துவிடும்.

தமிழ்நாட்டில் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்குக் கிடைக்கும். எடுப்பதற்கு முன், பிள்ளை அடுத்துச் சேர நினைக்கும் படிப்புக்கு அந்த மொழி வேண்டுமா என்று விசாரித்துவிடுங்கள்.

விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போகும். பொதுத்தேர்வு மார்ச்சில் என்றால் அக்டோபருக்குள் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். கையெழுத்துகள் பல மேசை தாண்டி வர வேண்டும்.

40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். எழுதுவதில் உண்மையான சிரமம் இருப்பவருக்கு 40 சதவீதம் இல்லை என்ற காரணத்தால் எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2022-இல் மத்திய அரசு தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. எழுதுவதில் சிரமம் என்று அரசு மருத்துவ அதிகாரி தரும் சான்று அதற்கு வேண்டும்.

7. சொல்வதை எழுதுபவர்

இந்தப் படிக்கு நான் ஒரு வருடம் முழுக்க எடுத்துக்கொள்கிறேன். கேரளப் பக்கம் பெரும்பாலும் கீழ்வகுப்பு மாணவர் எழுதுவார், தமிழ்நாட்டுப் பக்கம் ஆசிரியரை நியமிப்பார்கள். இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான். சொல்லத் தெரிந்த பிள்ளைக்கும், ‘எழுதிக்கொள்ளும்படி’ சொல்லத் தெரிந்த பிள்ளைக்கும் நிறைய தூரம்.

முதலில் மொழி. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாள் தமிழிலும் வரும். ஆனால் எழுத வருபவருக்குத் தமிழ் எழுத வருமா? ஒரு தேர்வு காலையில் வந்து உட்கார்ந்த மாணவி தமிழ் நன்றாகப் பேசினாள், எழுதத் தெரிந்ததோ மலையாளம் மட்டும். வேறு ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் இருபது நிமிடம் போனது. பேர் கொடுக்கும்போதே ஒரு பக்கம் தமிழில் எழுதச் சொல்லிப் பாருங்கள். மொழிப்பாடங்களுக்கு வேறு வேறு ஆட்களை வைக்கவும், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே எழுதுபவரைச் சந்திக்கவும் 2018-ஆம் ஆண்டு மத்திய வழிகாட்டுதல் இடம் தந்தது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்பதும் அதில்தான் இருந்தது. பள்ளித் தேர்வுக்கு அந்தந்த மாநிலத் தேர்வுத் துறையின் ஆணையைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து பயிற்சி. வாரம் ஒரு நாள், அரை மணி நேரம் போதும். பிள்ளை கேள்வி எண்ணைச் சொல்லித் தொடங்க வேண்டும். ‘புது வரி’, ‘அடிக்கோடு’, ‘முற்றுப்புள்ளி’ எல்லாம் வாயால் வர வேண்டும். நீண்ட விடையைத் தொடங்கும் முன் மூன்று குறிப்பை எழுதச் சொல்லி, அதை வாசிக்கக் கேட்டு, பிறகு விரிக்க வேண்டும்.

கணக்கில் படம் வரும்போதுதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். “முக்கோணம் போடு” என்றால் போதாது. “ஏ பி என்று 6 செ.மீ. கோடு. ஏயில் 60 டிகிரி. அந்தக் கோட்டில் 5 செ.மீ. அளந்து சி என்று குறி. பி, சி இரண்டையும் சேர்.” இந்த ஒழுங்கில் ஒரு பையன் சொல்லிப் பழக மூன்று மாதம் ஆனது. கடைசியில் அவன் சொல்லச் சொல்ல நானே கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடலாம் போல இருந்தது.

எழுதுபவருக்கும் பழக்கம் வேண்டும். பிள்ளை தப்பாகச் சொன்னாலும் அப்படியே எழுத வேண்டும். முகம் சுளிக்கவோ, “அப்படியா?” என்று கேட்கவோ கூடாது.

8. உதவித்தொகை

ஒன்பது, பத்துக்கு ஒன்று, பதினொன்று முதல் முதுகலை வரை இன்னொன்று. இரண்டும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான். 40 சதவீதச் சான்றும், ஆண்டுக்கு இரண்டரை லட்ச ரூபாய்க்கு மிகாத குடும்ப வருமானமும் வேண்டும்.

பணம் வராததற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இரண்டு. விண்ணப்பித்ததோடு விட்டுவிடுவது ஒன்று. பள்ளி தன் கணக்கில் நுழைந்து சரிபார்த்து அனுப்பினால்தான் மேலே போகும், நேரில் போய் நினைவூட்டுங்கள். மற்றது வங்கிக் கணக்கு. பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும், நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும் கணக்குக்கு அல்ல.

9. பிள்ளையே பேசட்டும்

பத்தாம் வகுப்பு முடியும் வரை அம்மாவும் நாங்களும் பேசிவிடுகிறோம். கல்லூரியில் நாங்கள் இருக்க மாட்டோம். அங்கே போய் முதல் மாதத்திலேயே படிப்பை விட்ட பிள்ளைகளை விசாரித்தால், மதிப்பெண் காரணமாக இருப்பது அரிது. “எனக்குக் கீழ்த்தள வகுப்பு வேணும்” என்று கேட்க வாய் வராததுதான் காரணம்.

அதனால் ஒன்பதாம் வகுப்பு இரண்டாம் பருவத்திலிருந்து எந்தக் கூட்டத்திலும் முதல் வாக்கியத்தைப் பிள்ளை சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பேச்சு வராதவர் எழுதிக் காட்டலாம், படத்தைத் தொட்டுக் காட்டலாம். முதல் முறை ஐந்து நிமிடம் மௌனமாகப் போகும். அந்த ஐந்து நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான். பதினொன்றாம் வகுப்பில் ஐந்தாம் படியில் சொன்ன அந்த ஒரு பக்கத் தாளைப் பிள்ளையே எழுதி ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும்.

10. பத்துக்குப் பிறகு எங்கே

வழக்கமான பாடத்திட்டம் முடியாத பிள்ளையை, தோற்ற தாளையே மறுபடி மறுபடி எழுத வைக்காதீர்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து பாடங்களைப் பிள்ளைக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கலாம், பத்தாம் வகுப்பைத் தமிழில் எழுதலாம், ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகளில் பாடம் பாடமாக முடிக்கலாம்.

கேரளப் பக்கம் தமிழ்வழியில் பத்து முடித்தவர்களுக்கு பிளஸ் ஒன்னில் ஆங்கிலம் சட்டென்று மோதும். கோடை விடுமுறையில் பாடச் சொற்களை மட்டுமாவது இரு மொழியிலும் எழுதிப் பழகட்டும்.

காது கேளாத பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கும் நிஷ் நிறுவனத்தில் அவர்களுக்கென்றே கணினி அறிவியல், நுண்கலைப் பட்டப் படிப்புகள் இருக்கின்றன. சென்னை அடையாறில் செயிண்ட் லூயிஸ் கல்லூரி இருக்கிறது. பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சென்னை முட்டுக்காட்டில் தேசிய நிறுவனம் இருக்கிறது. வேலைப் பயிற்சிக்குத் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையிலும் சென்னை கிண்டியிலும் மத்திய அரசு மையங்கள் உள்ளன. விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். விடுதிக் கழிவறையைப் பாருங்கள், பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல் வரை பிள்ளையை நடக்க விட்டுப் பாருங்கள்.

அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடமும், ஐந்து ஆண்டு வயதுத் தளர்வும் சட்டப்படி உண்டு. அரசு வேலையில் 4 சதவீதம். விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தைக் குறிக்க மறந்தால் அட்டை இருந்தும் பயனில்லை. அனுப்பும் முன் இரண்டாவது ஆள் ஒருவர் படித்துப் பார்க்கட்டும்.

11. எல்லையைத் தாண்டும்போது

சான்றும் அட்டையும் நாடு முழுக்கச் செல்லும். மாநில அரசு தரும் உதவித்தொகையும் பேருந்துப் பயண அட்டையும் அப்படி அல்ல. அவை அந்த மாநிலத்தில் வசிப்பவருக்கு. கம்பத்தில் ரேஷன் கார்டும் குமுளியில் ஆதாரும் வைத்திருக்கும் குடும்பங்கள் இரண்டு பக்கமும் அலைந்து இரண்டும் கிடைக்காமல் திரும்புகிறார்கள். பிள்ளை அடுத்த ஐந்து வருடம் எங்கே இருக்கப் போகிறது என்று முதலில் முடிவெடுத்து, எல்லா முகவரியையும் அந்தப் பக்கமே மாற்றுங்கள். கேரளத்தில் படித்துவிட்டுத் தமிழ்நாட்டுக் கல்லூரிக்குப் போகிறவர் பிறப்பிடச் சான்றும் சாதிச் சான்றும் எந்த மாநிலத்துடையது வேண்டும் என்று பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

12. பதினெட்டு நிறையும்போது

பதினெட்டு ஆனதும் பெற்றோரின் கையெழுத்துக்கு இருந்த சட்ட பலம் போய்விடும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவில் பாதுகாவலர் நியமனம் கேட்கலாம். இதே நான்கு பிரிவினருக்கு நிராமயா என்ற ஒரு லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடும் உண்டு. அதற்கு வயது வரம்பு இல்லை, இப்போதே சேர்த்துவிடலாம்.

பாதுகாவலர் நியமனத்தை எல்லோருக்கும் எடுக்காதீர்கள். கொஞ்சம் உதவியோடு தன் பணத்தைத் தானே எடுத்துக் கணக்குச் சொல்லும் இளைஞருக்கு அது தேவையில்லை. எடுத்துவிட்டால் அவருடைய சொல் சபையில் ஏறாமல் போய்விடும். முதலில் அவர் பேரில் வங்கிக் கணக்கு, அவர் கையெழுத்து அல்லது கைரேகை. ஏ.டி.எம்.முக்கு நீங்கள் கூடப் போங்கள், எண்ணை அவரே அழுத்தட்டும். வாக்காளர் அட்டைக்கும் அதே வாரத்தில் விண்ணப்பியுங்கள்.

எல்லாத் தாளின் நகலும் அடங்கிய கோப்பு ஒன்றைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் அவர் கைக்கு எட்டும் அலமாரியில் வையுங்கள்.